பருப்பு வேகாத தண்ணீரும் ஒரு டிரசீனாவும்

எங்கள் வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், நிற்கும் டிரசீனாவை 2024 மே மாதம் ஹேக்ஸா பிளேடால் அறுத்துத்தான் பிழைக்க வைத்தேன். வரும்போது ஒரே தொட்டியில் மூன்று தண்டுகள். ஒன்று அழுகிச் செத்தது. ஒன்று பாதி வேரோடு தப்பியது. மூன்றாவதைத் துண்டு போட்டதில் நான்கு கன்றுகள் கிடைத்தன. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இந்தச் செடியை வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ‘எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் அதற்கு முன்னால் ‘எந்தத் தண்ணீர்’ என்று கேட்க வேண்டும். எனக்கு அது தெரிய எட்டு மாதமும் ஒரு தண்டும் போயின.

2023 ஆவணியில் பாளையங்கோட்டையில் இந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது, பால்காய்ப்புக்கு வந்த மதினி வள்ளியூரிலிருந்து காரில் கொண்டு வந்த செடி இது. நாலடி, இரண்டரை அடி, ஒன்றரை அடி என்று மூன்று உயரத்தில் மூங்கில் கம்பு தடிமனில் தண்டுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மக்காச்சோளத் தோகை மாதிரி நீண்ட இலைகள், நடுவில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு பட்டை. நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்த வகைதான். டிரசீனா ஃபிராக்ரன்ஸ் என்ற இனம், அதில் மாசஞ்சியானா என்ற ரகம். ஊர் ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகள். பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியதால் வீட்டுக்குள் இருக்கும் அரைவெளிச்சம் அதற்குப் போதும்.

டிரசீனா என்றால் கிரேக்கத்தில் பெண் டிராகன் என்று பொருள். கேனரித் தீவுகளில் இதே குடும்பத்து மரம் ஒன்று, வெட்டினால் சிவப்பாகப் பிசின் வடிக்கும். அதை டிராகன் இரத்தம் என்றார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் இந்தக் குடும்பம் நமக்கும் அந்நியம் இல்லை. ஓடைக்கரையிலும் வேலி ஓரத்திலும் கத்தி கத்தியாக நிற்குமே மருள், நார் எடுக்கிற செடி, அதுவும் இப்போது டிரசீனாதான். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு சான்சிவேரியா என்று தனியாக இருந்ததை முழுவதும் டிரசீனாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். இதைப் படித்த நாளில் எனக்குச் செடியோடு ஒரு சொந்தம் வந்துவிட்டது. சின்ன வயதில் மருள் மடலைக் கல்லில் வைத்துத் தட்டி நார் உரித்த கை இது.

வாங்கிய இடத்தில் ‘காற்றைச் சுத்தம் பண்ணும்’ என்று சொல்லி விற்றதாக மதினி சொன்னார். அந்தப் பேச்சு 1989இல் நாசா செய்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்த ஆய்வு அது. சன்னலும் கதவும் திறந்து கிடக்கும் வீட்டில், நம் பக்கத்துக் காற்றில், ஒரு செடி செய்யும் வேலை கணக்கில் வராது. அழகுக்காகவும் அருகில் ஒரு பச்சை இருக்க வேண்டும் என்பதற்காகவும் வைத்தால் போதும். அதுவே பெரிய காரணம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் இரண்டு தண்ணீர். ஒன்று தாமிரபரணியிலிருந்து குழாயில் வருவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னொன்று வீட்டுப் போர். குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கும், பருப்பு குழையும். போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசாகவே கிடக்கும். வெந்நீர் போடும் பானையின் உள்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். முதல் மூன்று மாதம் செடிக்குக் குழாய்த் தண்ணீர்தான் போனது. செடி நன்றாக இருந்தது, உச்சியில் புதுக் குருத்து இரண்டு விரிந்தன.

2023 டிசம்பர் 17, 18இல் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாளைத் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் குழாய்களும் அடிபட்டதில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. எங்கள் தெருவுக்கு ஒழுங்காக வரப் பல வாரம் ஆயிற்று. அந்த நாட்களில்தான் சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் மாட்டினோம். மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தந்தால் இரண்டு குடத்துக்கு மேல் கழிவு தள்ளும். அதைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்ற ஆரம்பித்தேன். புறவாசலில் இருந்த அரளிக்கும் கற்றாழைக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரசீனாவுக்கும் அதே வாளிதான். குழாய்த் தண்ணீர் திரும்பி வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை.

பிப்ரவரி கடைசியில் கீழ் இலைகளின் நுனி காய்ந்தது. வைக்கோல் நிறத்தில் ஒரு விரற்கடை, அதற்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. மார்ச்சில் நடு இலைகளுக்கும் வந்தது. விளிம்பிலும் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்த காலம் என்பதால் தாகம் என்று முடிவு கட்டினேன். வாரம் ஒரு தடவை ஊற்றியதை இரண்டாக்கினேன், ஏப்ரலில் மூன்றாக்கினேன். நுனி காய்ந்தால் தண்ணீர் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தச் செடியில் அது தப்பான வாசிப்பு.

டிரசீனாவுக்குத் தாகம் எடுத்தால் இலை முழுவதும் தொய்யும், உள்பக்கமாகச் சுருளும், தொட்டி தூக்கிப் பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். நுனி மட்டும் காய்ந்து, இலையின் மற்ற பாகம் விறைப்பாகவே நின்றால் குற்றம் தண்ணீரின் அளவில் இல்லை, தண்ணீருக்குள் இருக்கும் சரக்கில். வேர் உறிஞ்சும் நீர் இலை வரை ஏறி, அங்கே ஆவியாகிப் போகிறது. கூட வந்த உப்பும் ஃப்ளூரைடும் ஆவியாவதில்லை. நீரோட்டம் முடியும் இடமான நுனியிலும் விளிம்பிலும் போய்த் தங்கிவிடும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அந்த இடத்துத் திசுவைக் கொன்றுவிடும். ஃப்ளூரைடு விஷயத்தில் டிரசீனா மிகவும் மென்மையான செடி. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. மனிதருக்குக் கேடு செய்யாத அந்த அளவே நாள்பட இந்தச் செடியின் நுனியைக் கருக்கப் போதும். ஆர்.ஓ. கழிவில் என்ன நடக்கிறதென்றால், நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு, ஃப்ளூரைடு எல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது. போரில் இருந்ததைவிடக் கெட்டியான சரக்கை நான் கை நிறைய அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை, அடுத்த வீட்டு ஆச்சி. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் தார்சாவில் (முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் வாளியோடு போவதைப் பார்த்தார்.

“அது என்ன தண்ணிட்டி?”

“மெஷின்ல இருந்து வர்ற கழிவு ஆச்சி. வீணாப் போகுதேன்னு…”

“போர்த் தண்ணியிலயே பருப்பு வேகாது. அதுல இருந்து கழிஞ்சு வாரதையா செடிக்கு ஊத்துத? அது என்ன பாவம் பண்ணிச்சு?”

அன்றைக்கு ராத்திரியே இணையத்தில் ஒரு டி.டி.எஸ். மீட்டருக்குச் சொல்லிப் போட்டேன். பேனா அளவில் இருக்கும், முனையைத் தண்ணீரில் விட்டால் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் காட்டும். ஃப்ளூரைடைத் தனியாகக் காட்டாது, ஆனால் எந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்ல அது போதும். வந்த அன்று வீட்டில் இருந்த எல்லாத் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் குழாய்த் தண்ணீர் 110. போர் 1,380. ஆர்.ஓ. நல்ல தண்ணீர் 70. ஆர்.ஓ. கழிவு 1,900க்கு மேல். குடிக்க 500க்குள் இருப்பது நல்லது என்பது கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் நான்கு டம்ளரை வைத்துப் பார்த்தால் நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நாலும் தெளிந்த தண்ணீர்தான்.

ஆனால் அதற்குள் இரண்டாவது கேடும் சேர்ந்துவிட்டது. நீளத் தண்டின் கீழ் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வந்தன. அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பழுத்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது. மண்ணைக் கிளறினால் சாக்கடை வாடை. செடி பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது, அதை அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தோம். பீங்கானுக்கு அடியில் ஓட்டை இல்லை. உள்தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு அங்குல உயரத்துக்குக் கறுத்த தண்ணீர் நின்றது. வாரம் மூன்று தடவை ஊற்றியது எங்கேயும் போகாமல் வேரை மூழ்கடித்திருந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் துவாரங்களில் காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டி இறந்து, பூஞ்சை உள்ளே வரும்.

மே 5, ஞாயிற்றுக்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கி மறுநாள். இந்த வேலைக்கு நல்ல காலம் இல்லைதான். இன்னும் ஒரு மாதம் போனால் இளஞ்சூடு இருக்கும், ஆனால் அழுகல் அதுவரை காத்திருக்காது.

புறவாசலில் பழைய சாக்கை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். மண்ணைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவியபோதுதான் வேர் தெரிந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டிரசீனாவின் நல்ல வேர் வெள்ளையாக இருக்காது, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து இருக்கும். இது தெரியாமல் நான் முதலில் கையில் வந்த நல்ல வேர் ஒரு பிடியை நோய் என்று நறுக்கிவிட்டேன். நிறத்தைப் பார்க்கக் கூடாது, உறுதியைப் பார்க்க வேண்டும். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் அழுகிய வேரின் தோல் உறை மாதிரி கழன்று வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். நல்ல வேர் அப்படியே நிற்கும்.

குட்டைத் தண்டு அடியிலிருந்து நுனி வரை போய்விட்டிருந்தது. அதைக் குப்பைக்குப் போட்டேன், உரக்குழியில் போடவில்லை. நடுத்தண்டில் பாதி வேர் நன்றாக இருந்தது, தண்டும் கல் மாதிரி இருந்தது. கெட்டதை மட்டும் கத்தரித்து நிழலில் சாய்த்து வைத்தேன்.

நீளத் தண்டுக்குத்தான் அறுவை. ஹேக்ஸா பிளேடை டெட்டாலில் துடைத்து, மெத்தென்று இருந்த இடத்துக்கு நாலு விரல் மேலே அறுத்தேன். வெட்டு முகத்தில் நடுவில் காப்பிக் கறை மாதிரி பழுப்பு. அப்படி ஒரு புள்ளி இருந்தால்கூட அழுகல் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளேடைத் திரும்பத் துடைத்து இன்னும் மூன்று அங்குலம் மேலே. அங்கேயும் கறை, சின்னதாக. மூன்றாவது வெட்டில்தான் தேங்காய்ப் பருப்பு மாதிரி சுத்தமான வெள்ளை கிடைத்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் பிளேடைத் துடைக்காவிட்டால் நோயை நாமே மேலே ஏற்றிவிடுவோம். அரிவாளால் ஒரே போடாகப் போட்டிருக்கலாமே என்று அத்தான் கேட்டார். அரிவாள் தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் உட்காரும். ரம்பம்தான் இதற்குச் சரி.

மிச்சம் இருந்த தண்டின் உச்சியில் இரண்டு கொண்டைகள் இருந்தன. இரண்டையும் கீழே ஐந்து அங்குலத் தண்டு விட்டு அறுத்தேன். இலைகளைப் பாதியாகக் கத்தரித்தேன். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வேரில்லாத செடி இலை வழியாகத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு நாளில் வாடிவிடும். நடுவில் மிஞ்சிய வெறும் தண்டை எட்டு எட்டு அங்குலமாக மூன்று துண்டு. இந்தத் துண்டுகளுக்கு மேல் கீழ் உண்டு. கீழ்முனைதான் வேர் விடும், மேல்முனைக்குப் பக்கத்தில்தான் குருத்து வரும், மாற்றி நட்டால் வீண். அறுத்துப் போட்ட பிறகு இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் அறுக்கும் முன்பே சாக்கட்டியால் மேல்நோக்கி அம்புக்குறி போட்டேன். மேல் வெட்டில் மெழுகுவர்த்தியை உருக்கிச் சொட்ட விட்டு மூடினேன், ஈரம் போகாமலும் பூஞ்சை இறங்காமலும் இருக்க. கீழ் வெட்டில் சலித்த கரித்தூளைத் தொட்டு, ஒரு நாள் முழுவதும் நிழலில் காயவிட்டேன். அந்த ஒரு நாள் காய்வது முக்கியம். பச்சை வெட்டை அப்படியே ஈரமண்ணில் வைக்கக் கூடாது.

மண் கலவைக்கு என்னிடம் இருந்தது செம்மண், எம் சாண்டு, தேங்காய் நார்த்தூள். சம பங்கு. எம் சாண்டில் மாவு மாதிரித் தூசி இருக்கும், அது மண்ணை இறுக்கும். நான்கைந்து தடவை அலசி, அடியில் தங்கும் பருமணலை மட்டும் எடுத்தேன். நார்த்தூளிலும் உப்பு உண்டு, அதை இரண்டு ராத்திரி குழாய்த் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டால் முதல் நாள் 900ஐத் தொட்டது, இரண்டாம் நாள் 200. உப்புக்குப் பயந்து தண்ணீரை மாற்றிவிட்டு, மண்ணிலேயே உப்பைக் கலந்து வைத்தால் பயன் என்ன? இன்னொன்று, சூப்பர் பாஸ்பேட் உரத்தை இந்தச் செடிக்குப் போடக் கூடாது. அதில் ஃப்ளூரைடு இருக்கிறது. ஒரு பிடி மண்புழு உரம், அதுவும் வேர் பிடித்த பிறகு, போதும்.

தொட்டி காருக்குறிச்சி மண்தொட்டி. சேரன்மகாதேவிப் பக்கம் போனபோது வாங்கியது, சுட்ட மணம் மாறாமல் இருந்தது. மண்தொட்டி பக்கவாட்டிலும் மூச்சு விடும், ஈரம் சீக்கிரம் வற்றும், அளவுக்கு மீறி ஊற்றினாலும் கொஞ்சம் மன்னிக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. தண்ணீரில் உப்பு இருந்தால் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துக் காட்டிவிடும். பிளாஸ்டிக்கில் அது தெரியவே தெரியாது. பீங்கான் தொட்டி இப்போது குடை வைக்கும் இடமாக வாசலில் இருக்கிறது.

நடுத்தண்டை அந்த மண்தொட்டியில் வைத்தேன். கொண்டை ஒன்றை மணற்கலவையில். இன்னொரு கொண்டையைக் கண்ணாடி ஜாடியில் குழாய்த் தண்ணீரில், தண்டு இரண்டு அங்குலம் மட்டும் மூழ்கும்படி. தண்டுத் துண்டுகளில் இரண்டை நிமிர்த்தி நட்டேன், ஒன்றைப் படுக்க வைத்துப் பாதி புதைத்தேன்.

பிறகு காத்திருப்பு. ஜாடித் தண்ணீரை நாலு நாளைக்கு ஒரு தடவை மாற்றினேன். குளோரினுக்காகத் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றினேன். குளோரின் அப்படிப் பறந்துவிடும். ஃப்ளூரைடும் உப்பும் பறக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். மூன்றாவது வாரம் ஜாடியில் இருந்த தண்டின் தோலில் வெள்ளைக் கொப்புளங்கள். ஐந்தாவது வாரம் அவை வேராக நீண்டன. பட்டாசலில் உட்கார்ந்து கண்ணாடி வழியே அதைத் தினமும் பார்ப்பது வீட்டில் எல்லாருக்கும் வேலையாகிவிட்டது. மணலில் இருந்ததை ஏழு வாரம் அசைக்கவில்லை. ஜூன் கடைசியில் மெல்ல இழுத்துப் பார்த்தேன், மண் பிடித்து இழுத்தது. நிமிர்த்தி நட்ட துண்டுகளில் ஒன்று அழுகியது. அதன் வெட்டில் கடுகளவு பழுப்பு இருந்ததை நடும்போதே பார்த்திருந்தேன், இன்னும் ஒரு அங்குலம் அறுக்க மனம் வரவில்லை. படுக்க வைத்த துண்டு ஜூலையில் இரண்டு இடத்தில் கணு வெடித்துப் பச்சை மொக்கு விட்டது. நிமிர்ந்து நின்ற துண்டுக்கு ஆகஸ்டு வரை ஆயிற்று.

நடுத்தண்டு ஒரு மாதம் தலை தொங்கி நின்றது. வேர் அடிபட்ட செடி அப்படித்தான் நிற்கும், அந்த நேரத்தில் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது கதை. ஒரு தென்னை ஈர்க்கை மண்ணில் நாலு அங்குலம் செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பார்ப்பேன். ஈரமண் ஒட்டி வந்தால் ஊற்ற மாட்டேன். ஈர்க்கு சுத்தமாக வந்தால் ஊற்றுவேன், அடி ஓட்டை வழியே ஒழுகும் வரை. பத்து நிமிடம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுவேன். இந்த முறையில் கோடையில் ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவையும் வருகிறது. கிழமை பார்த்து ஊற்றும் வழக்கம் போய்விட்டது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்கூட ஆவதில்லை. இவ்வளவு குறைவாகக் குடிக்கும் செடிக்கு நாம் குடிக்கும் தண்ணீரையே கொடுக்கலாம் என்பது எனக்கு முன்பு தோன்றாமல் போனதுதான் வருத்தம். ஆர்.ஓ. கழிவு இப்போது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது, அதற்கு அது நன்றாகவே உதவுகிறது.

ஜூலையில் காற்று வந்தது. குற்றாலத்தில் சாரல் என்றால் எங்களுக்கு மழை கிடையாது, கணவாய் வழியே வரும் வறண்ட காற்று மட்டும்தான். மேற்குச் சன்னல் பக்கம் இருந்த செடியின் இலைகள் ஒன்றோடொன்று உரசி ஓரம் கிழிந்தன, மண் இரண்டே நாளில் காய்ந்தது. தள்ளி வைத்தேன். அதற்கு முன்பு தார்சாவில் வைத்துப் பார்த்ததில் மூன்று மணி வெயில் அழிக் கம்பி வழியே விழுந்து, இலையில் கம்பி இடைவெளி அளவிலேயே வெளுத்த தழும்புகள் வந்திருந்தன. அந்தத் தழும்பு மறையாது. கடைசியில் அது குடிகொண்ட இடம் பட்டாசலின் கிழக்குச் சன்னலுக்கு நாலடி உள்ளே. காலை வெளிச்சம் நிறைய, நேர் வெயில் இல்லை. அந்த இடத்தில் புத்தகம் படிக்க விளக்குப் போட வேண்டாம் என்றால் செடிக்கும் போதும். இன்னும் உள்ளே தள்ளி இருட்டில் வைத்தால் செடி சாகாது, ஆனால் நடுவில் இருக்கும் மஞ்சள் பட்டை மங்கிப் பச்சையாகிவிடும்.

செப்டம்பரில் இலைக் கக்கத்தில் மாவுப்பூச்சி வந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டுத் துடைத்து எடுத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் புறவாசலில் வைத்து அடித்தேன். வாரம் ஒன்றாக மூன்று தடவை. போயிற்று. இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி, மினுக்கத்துக்காக எண்ணெய் தடவக் கூடாது. வீட்டில் பூனை, நாய் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இந்தச் செடியில் சப்போனின் உண்டு, இலையைக் கடித்தால் வாந்தி எடுக்கும். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வீட்டுக்குள் தாராளமாக வரும் என்பதால் கன்றுகளை உயரத்தில் வைத்திருக்கிறேன்.

காய்ந்த நுனி திரும்பப் பச்சையாவதில்லை. நடுத்தண்டின் பழைய இலைகளில் அந்த வடு இன்னும் இருக்கிறது. கத்தரியால் இலையின் வடிவத்துக்கே கூராக வெட்டி விடலாம், ஆனால் பச்சையைத் தொடாமல் பழுப்பில் நூலளவு விட்டு வெட்ட வேண்டும். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி காயும். தண்ணீரை மாற்றிய பலனைப் பழைய இலையில் தேடக் கூடாது, புதுக் குருத்தில் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த இலைகள் ஒன்றில்கூட நுனி கருகவில்லை. செடியை அறுவை செய்யாமல் பழைய மண்ணிலேயே வைத்திருப்பவர்கள், தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி ஒழுக விட்டால் மண்ணில் தங்கிய உப்பு பெரும்பாலும் வெளியேறிவிடும். அடி ஓட்டை நன்றாக இருந்தால் மட்டும் செய்ய வேண்டும்.

அந்த வருட ஐப்பசியில் மொட்டை மாடிக் குழாய்க்குக் கீழே நீல டிரம் ஒன்று வைத்தேன். முதல் மழையை மாடித் தூசியோடு ஓடவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்தேன். மீட்டரில் 20தான் வந்தது. கொசு முட்டையிடாமல் வாயில் பழைய வேட்டியை இரட்டையாகக் கட்டி வைத்தேன். மாசி வரை அந்தத் தண்ணீர்தான் செடிகளுக்கு. ஆச்சியும் ஒரு செம்பு கேட்டு வாங்கிப் போய்ப் பருப்பு வேகவைத்துப் பார்த்தார். ஆற்றுத் தண்ணீரைவிடக் குழைந்தது என்றார்.

ஜாடியில் வேர் விட்ட கொண்டை இப்போது ஆச்சி வீட்டு அழிக்குப் பின்னால் இருக்கிறது. மணலில் பிடித்தது எங்கள் மாடிப்படி ஓரம். படுக்க வைத்த துண்டிலிருந்து வந்த இரட்டைக் குருத்தைப் போன மாதம் மதினிக்குக் கொடுத்து அனுப்பினேன். வள்ளியூரில் அவர்கள் தெருவுக்குப் போர்த் தண்ணீர்தான். கன்றோடு ஐந்து லிட்டர் கேன் இரண்டில் மழைத்தண்ணீரும் கொடுத்து, ஓர் ஈர்க்கையும் தொட்டியில் செருகி அனுப்பினேன். முந்தாநாள் பேசும்போது, ஒரு கேன் இன்னும் திறக்கவே இல்லை என்றார். அப்படியானால் சரியாகத்தான் ஊற்றுகிறார்.